குட்டி பைக்கும் கொக்கிப் பல்லும்

இந்த பைக்கின் சீட் உங்கள் இடுப்பு உயரத்துக்குக்கூட வராது. சக்கரத்தின் ரிம் 6 அங்குலம்தான். டயரையும் சேர்த்து அளந்தால் ஓர் அடி இருக்கும். வளைத்து வெல்டிங் வைத்த இரும்புக் குழாய்களே சட்டம். மாற்ற கியர் இல்லை, பிடிக்க கிளட்ச் லீவர் இல்லை, பேட்டரியும் இல்லை. கயிற்றைச் சுண்டி இழுத்தால் என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும். விலை குறைந்த மாடல்களில் பிரேக்குக்கென்று டிரம்கூடக் கிடையாது. காலால் மிதித்தால் ஓர் இரும்புத் தகடு நேராகப் போய்ப் பின் டயரையே அழுத்தும். இதற்கு மினிபைக் என்று பெயர்.

1960-களிலும் 1970-களின் தொடக்கத்திலும் அமெரிக்கச் சிறுவர்கள் பலருக்கு இது பெரிய கனவு. கலிஃபோர்னியாவில் போனான்சா, டாக்கோ என்ற பெயர்களிலும், ஒஹையோ மாநிலத்தின் மேன்ஸ்ஃபீல்ட் ஊரில் ரப் என்ற பெயரிலும் மினிபைக்குகள் வந்தன. பெரும்பாலான கம்பெனிகள் என்ஜினைச் சொந்தமாகச் செய்யவில்லை. புல்வெட்டும் இயந்திரங்களுக்கும் தோட்டத்து மண்ணைக் கிளறும் கருவிகளுக்கும் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், டெகும்சே போன்ற நிறுவனங்கள் செய்துவந்த 3 முதல் 5 குதிரைத்திறன் என்ஜின்களை வாங்கிச் சட்டத்தில் பொருத்தினார்கள். ஜப்பானில் ஹோண்டா வேறு வழியில் வந்தது. டோக்கியோ பக்கத்தில் டாமா டெக் என்றொரு கேளிக்கைப் பூங்கா இருந்தது. அங்கே பிள்ளைகள் ஓட்டி விளையாட 1961-இல் 49 சி.சி. என்ஜினோடு ஒரு குட்டி வண்டி செய்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய 'மங்கி'.

அந்தக் காலத்தில் மினிபைக் ஓட்டிய சிறுவர்கள் இன்று தாத்தாக்கள். வீட்டு ஷெட்டில் துருப்பிடித்துக் கிடந்த வண்டியை வெளியே எடுத்து, பேரப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி ஓடவைப்பது பலருக்கு அங்கே பிடித்தமான பொழுதுபோக்கு. பெயின்ட் அடிப்பது சுலபம். என்ஜினும் முரட்டு ரகம். கார்புரேட்டரைக் கழுவி, ஸ்பார்க் பிளக்கை மாற்றி, புது ஆயில் ஊற்றினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். அதற்குப் பிறகும் வண்டி சரியாக நகராது. உறுமும், 'டக் டக்' என்று உதைக்கும், சில சமயம் செயின் கழன்று தொங்கும். கோளாறு என்ஜினிலும் இல்லை, சக்கரத்திலும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

அந்த நடுப்பகுதியில் முக்கியமானவை மூன்று: கிளட்ச், செயின், பின் சக்கரத்தோடு பிணைந்த பெரிய பல்சக்கரம். கடைக்குப் போய் மூன்றையும் புதிதாக வாங்கி மாட்டிவிடலாம்தான். ஆனால் புதியதை வாங்குவதற்கு முன்னால் பழையதைக் கழற்றித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதே முதல் வேலை. தேய்மானம் சும்மா வராது. எங்கே தேய்ந்திருக்கிறதோ அங்கே ஒரு காரணம் ஒளிந்திருக்கும். அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புதுப் பாகத்தை மாட்டினால், அதுவும் அதே இடத்தில் அதே மாதிரி தேயும். வாருங்கள், ஒவ்வொன்றாகக் கழற்றுவோம்.

முதலில் கிளட்ச். சிக்னலில் நிற்கும்போது வண்டி நிற்க வேண்டும், என்ஜின் மட்டும் ஓடவேண்டும். கிளம்பும்போது இரண்டும் சேர்ந்துகொள்ள வேண்டும். பெரிய பைக்கில் இதை உங்கள் அப்பாவோ அம்மாவோ இடதுகை விரல்களால் செய்கிறார்கள். மினிபைக்கில் யாரும் செய்வதில்லை. அது தானாகவே நடக்கிறது. கோயில் திருவிழாவில் குடை ராட்டினம் பார்த்திருப்பீர்கள். நிற்கும்போது சங்கிலி நாற்காலிகள் நேராகத் தொங்கும். சுற்றச் சுற்ற வெளிப்பக்கமாக விரிந்துகொண்டே போகும். மினிபைக்கின் கிளட்சுக்குள்ளும் இதுதான் நடக்கிறது. அங்கே நாற்காலிகளுக்குப் பதிலாக 'ஷூ' எனப்படும் வளைந்த இரும்புத் துண்டுகள். அவை என்ஜின் அச்சோடு சேர்ந்து சுழல்கின்றன. அவற்றை ஸ்பிரிங்குகள் உள்நோக்கி இழுத்துப் பிடித்திருக்கின்றன. சுற்றிலும் ஒரு வட்டமான இரும்பு டிரம். அந்த டிரம்மோடு ஒட்டியபடி ஒரு சின்னப் பல்சக்கரம். செயின் அதில்தான் ஓடுகிறது.

என்ஜின் மெதுவாக ஓடும்போது ஸ்பிரிங் ஜெயிக்கிறது. ஷூக்கள் டிரம்மைத் தொடுவதே இல்லை. வண்டி அசையாமல் நிற்கிறது. ஆக்ஸிலரேட்டரைத் திருகி வேகம் கூட்டினால், நிமிடத்துக்குச் சுமார் 1,800 முதல் 2,000 சுற்று வந்ததும் ஷூக்கள் ஸ்பிரிங்கை மீறி வெளியே விரிந்து டிரம்மைப் பிடிக்கின்றன. உராய்வினால் டிரம் சுழல, செயின் இழுக்க, வண்டி கிளம்புகிறது.

ஷூவை வெளியே தள்ளுவது யார்? கூர்ந்து யோசித்தால், யாரும் தள்ளவில்லை. ஓடும் பொருள் எதுவும் நேர்கோட்டில் போகவே விரும்பும் என்பது நியூட்டன் சொன்ன விதி. ஷூவும் நேராகப் போகப் பார்க்கிறது. வட்டத்தைவிட்டு அது ஓடிவிடாமல் பிடித்து இழுப்பது ஸ்பிரிங்கின் வேலை. வேகம் அதிகமானால் பிடித்து வைப்பதற்கு வேண்டிய விசையும் அதிகமாகிறது. அதுவும் சாதாரணமாக இல்லை: வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 100 கிராம் எடையுள்ள ஒரு ஷூ, மையத்திலிருந்து 4 செ.மீ. தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 1,800 சுற்று, அதாவது நொடிக்கு 30 சுற்று. இந்த வேகத்தில் அந்த 100 கிராம் துண்டை வட்டத்தில் பிடித்து வைக்கச் சுமார் 14 கிலோ எடையைத் தூக்குகிற அளவு விசை வேண்டும். 3,600 சுற்றுக்குப் போனால் 58 கிலோ! உங்கள் உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு இரும்பு, இதில் ஸ்பிரிங் பிடித்து வைப்பது போக மீதி விசை முழுவதையும் கொண்டு டிரம்மை அழுத்துகிறது. அதனால்தான் இதற்கு லீவரும் வேண்டாம், கேபிளும் வேண்டாம்.

நம் ஊரிலும் இது ஓடுகிறது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50 மொபெட்டைப் பற்றி உங்கள் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். இன்றைய எக்ஸ்.எல். வண்டியில் தேங்காய் மூட்டையோடு போகிறவர்களைப் பாருங்கள். இடதுகையில் கிளட்ச் பிடிப்பதே இல்லை. அங்கேயும் வேலை செய்வது இந்த விரியும் ஷூதான்.

இப்போது பழைய மினிபைக்கின் கிளட்ச்சைத் திறந்து பாருங்கள். டிரம்மின் இரும்பு பல சமயம் நீல நிறமாக மாறியிருக்கும். யாரும் பூசிய பெயின்ட் அல்ல. இரும்பைச் சூடாக்கினால் அதன் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகும். படலம் தடிக்கத் தடிக்க நிறம் மாறும்: முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, அப்புறம் ஊதா, கிட்டத்தட்ட 300 டிகிரி செல்சியஸில் நீலம். (சோப்புக் குமிழியில் வானவில் நிறங்கள் தெரிவதும் மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்புவதால்தான்.) ஆக, டிரம் நீலமாக இருந்தால் அது ஒரு காலத்தில் 300 டிகிரிவரை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஏன் காய்ந்தது? ஷூக்கள் முழுசாகப் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்திருக்கின்றன. யாரோ ஒருவர் மேட்டில் மெதுவாக, முக்கி முக்கி ஏற்றியிருக்கிறார்; அல்லது பல்சக்கரங்களின் அளவு வண்டிக்குப் பொருந்தவில்லை. வண்டியை ஓட்டிய விதம் ஐம்பது ஆண்டு கழித்தும் நிறமாகத் தங்கியிருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

டிரம்மின் நடுத்துளையில் பழுப்புப் பொன் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். அது வெண்கல புஷ். சின்னச் சின்ன நுண்துளைகள் உள்ள வெண்கலம். துளைகளுக்குள் எண்ணெய் ஊறியிருக்கும். என்ஜின் ஓட, வண்டி நிற்கிற நேரத்தில் அச்சு இந்தப் புஷ்ஷுக்குள்தான் சுழல்கிறது. எண்ணெய் வற்றிவிட்டால் புஷ் தேய்ந்து டிரம் ஆட ஆரம்பிக்கும். புது கிளட்ச் மாட்டும்போது புஷ்ஷில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுவார்கள். இரண்டே சொட்டு. ஷூவில் எண்ணெய் பட்டால் உராய்வு போய்விடும், கிளட்ச் பிடிக்காது. ஒரே பாகத்தில் ஓரிடத்துக்கு எண்ணெய் வேண்டும், விரல் அகலம் தள்ளி இருக்கும் இன்னோர் இடத்துக்கு எண்ணெயே ஆகாது!

அடுத்தது செயின். இதைப் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் இதன் பின்னால் ஓர் அருமையான சிந்தனை இருக்கிறது. சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதிக்கு வந்தவர் ஹான்ஸ் ரெனால்ட். 1879-இல் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவரிடமிருந்து, நெசவு ஆலைகளுக்குச் சங்கிலி செய்யும் ஒரு சின்னப் பட்டறையை வாங்கினார். அந்தக் காலச் சங்கிலிகளில் ஆணி, மெல்லிய தகட்டின் துளையில் நேரடியாக உரசும். தகட்டின் தடிமன் எவ்வளவு? ஒன்றிரண்டு மில்லிமீட்டர். முழு இழுவிசையையும் அந்தச் சின்ன விளிம்பு தாங்கவேண்டும் என்பதால் சீக்கிரம் தேய்ந்துபோகும். ரெனால்ட் என்ன செய்தார் தெரியுமா? தகடுகளுக்கு நடுவில் ஒரு குட்டிக் குழாயை வைத்தார். அதுதான் புஷ். ஆணி இப்போது குழாயின் முழு நீளத்திலும் உட்கார்ந்தது. அதே விசை, பெரிய பரப்பு. அதனால் அழுத்தம் குறைந்தது, தேய்மானமும் குறைந்தது. குழாயின் மேல் சுழலும் உருளையும் உண்டு. 1880-இல் அவர் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பு, இன்று உங்கள் வீட்டு மோட்டார் சைக்கிள் செயினிலும் இருக்கிறது. 140 ஆண்டுகளுக்கு மேலாகியும் அடிப்படை மாறவில்லை.

பழைய மினிபைக் பலவற்றில் இருப்பது 35 நம்பர் செயின். இந்த எண்ணில் ஒரு சங்கேதம் உண்டு. முதல் எண் 3 என்றால், ஓர் ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 9.5 மி.மீ.யும் சொச்சமும். கடைசி எண் 5 என்றால் உருளை இல்லாத செயின். புஷ்ஷே நேராகப் பல்லில் உட்காரும். 40, 41 என்று இருந்தால் எட்டில் நான்கு, அதாவது அரை அங்குலம். 40-ல் உள்ள 0 சாதாரண ரகத்தையும், 41-ல் உள்ள 1 அகலம் குறைந்த இலகு ரகத்தையும் குறிக்கும். மோட்டார் சைக்கிள்களில் வரும் 420, 428 செயின்களிலும் முதல் எண் 4-தான்; அவையும் அரை அங்குலம். புதுச் செயின் வாங்குகிறவர் இந்த எண்ணைப் பார்க்காமல் வாங்கினால் ஏமாந்துபோவார். எட்டில் மூன்று அங்குலப் பல்லில் அரை அங்குலச் செயின் உட்காரவே உட்காராது.

'செயின் நீண்டுபோச்சு' என்று மெக்கானிக் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ரப்பரைப்போல இரும்புத் தகடு இழுபட்டு நீண்டதா? இல்லவே இல்லை. ஒவ்வொரு மூட்டிலும் ஆணியும் புஷ்ஷும் உரசிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கின்றன. தேய்ந்த இடம் இடைவெளியாகிறது. ஒரு மூட்டில் 0.1 மி.மீ. தேய்ந்தது என்று வையுங்கள். தாளின் தடிமன்தான், கண்ணுக்கே தெரியாது. ஆனால் செயினில் 120 மூட்டு இருந்தால்? 12 மி.மீ.! கிட்டத்தட்ட அரை அங்குலம் 'நீண்டு' தொங்கும். இரும்பு குறைந்ததால் செயின் நீளமானது. கேட்கத் தலைகீழாக இருக்கிறதல்லவா? அதுதான் உண்மை.

இதைச் சோதிக்க ஓர் அளவுகோல் போதும். 35 நம்பர் புதுச் செயினை இழுத்துப் பிடித்து 32 மூட்டு அளந்தால் சரியாக 12 அங்குலம். அது 9 மி.மீ. கூடிவிட்டால் 3 சதவீதம் நீண்டுவிட்டது என்று கணக்கு. அந்தச் செயினுக்கு ஓய்வு கொடுத்துவிட வேண்டும். 3 சதவீதத்துக்கு ஒரு மூட்டில் 0.3 மி.மீ. தேய்ந்தாலே போதும் என்பதையும் கவனியுங்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன கொக்கிப் பல்லுக்கு வருவோம். புதுப் பல்சக்கரத்தில் பற்கள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரிச் சரிவாக இருக்கும். கண்ணாடியில் பார்த்தாலும் உருவம் மாறாது. பழையதை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் குடைந்து, நுனி ஒரு திசையில் சாய்ந்து, தூண்டில் முள்ளின் சாயலில் வளைந்திருக்கும். நுனி ஊசியாகிக் கையைக் குத்தும். விரலால் வருடினால் குடைந்த பக்கத்தில் ஒரு வழவழப்பான பள்ளம் தெரியும். மறுபக்கத்திலோ பழைய சொரசொரப்பு அப்படியே இருக்கும். செயின் எந்தப் பக்கம் இழுத்தது என்பதை இதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

பல் ஏன் கொக்கியானது? குற்றவாளி நீண்டுபோன செயின்தான். மூட்டுகளின் இடைவெளி கூடிவிட்டதால் அது பல்லின் அடிப்பள்ளத்தில் உட்கார முடியாமல் மேலேறி நுனிப் பக்கமாக உட்காருகிறது. பல பற்கள் பகிர்ந்து தாங்கவேண்டிய இழுப்பை ஒன்றிரண்டு பற்கள் மட்டும் தாங்குகின்றன. அவை அராவப்படுகின்றன. செயின் பல்லைக் கெடுத்தது. இனிக் கெட்ட பல் செயினைக் கெடுக்கும். அதனால்தான் செயினை மட்டும் புதிதாக மாட்டிக் காசு மிச்சப்படுத்த நினைப்பது வீண்வேலை என்கிறேன். புதுச் செயினின் மூட்டு அளவு ஒன்று, கொக்கிப் பல்லின் அளவு வேறொன்று. புதுசு கொஞ்ச நாளிலேயே பழசாகிவிடும். முன் பல், பின் பல், செயின் மூன்றையும் சேர்த்தே மாற்றவேண்டும். நம் ஊர் உதிரிபாகக் கடைகளிலும் மூன்றையும் ஒரே பெட்டியில் போட்டுத்தானே விற்கிறார்கள்! காரணம் இதுதான்.

மூன்றில் முதலில் சாவது எது? கிளட்ச்சோடு இருக்கும் சின்னப் பல்சக்கரம். அதில் 12 பல், பின்னால் 72 பல் என்றால், பின் சக்கரம் ஒரு சுற்று முடிப்பதற்குள் முன் சக்கரம் 6 சுற்று சுற்றிவிடும். பின்னால் ஒரு பல் ஓர் அடி வாங்கும்போது முன்னால் ஒரு பல் 6 அடி வாங்குகிறது.

இதில் கணக்குப் பிரியர்களுக்கு ஒரு விருந்து இருக்கிறது. செயினில் 120 மூட்டு, முன்னால் 12 பல். 120-ஐ 12 மீதியில்லாமல் வகுக்கும். அதனால் ஒரு குறிப்பிட்ட பல், அந்த 120-இல் அதே 10 மூட்டுகளைத்தான் ஆயுள் முழுக்கத் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் ஏதாவது பிசிறு இருந்தால் அந்த 10 மூட்டும் தொலைந்தது. 12-க்குப் பதிலாக 11 அல்லது 13 பல் வைத்தால்? 120-க்கும் 13-க்கும் 1-ஐத் தவிரப் பொது வகுத்தி இல்லை. ஒவ்வொரு பல்லும் 120 மூட்டையும் முறைவைத்துச் சந்தித்துவிடும். தேய்மானம் எல்லாருக்கும் சமமாகப் பங்காகும். மீப்பெரு பொது வகுத்தி எதற்குப் பயன்படும் என்று வகுப்பில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பல்லின் எண்ணிக்கை வேகத்தையும் தீர்மானிக்கிறது. இந்த என்ஜின்களில் கவர்னர் என்ற ஓர் அமைப்பு, வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,600 சுற்றைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். முன்னால் 12, பின்னால் 60 பல் என்றால், என்ஜின் 5 சுற்று சுற்றினால் சக்கரம் 1 சுற்று. 3,600-ஐ 5-ஆல் வகுத்தால் 720. டயரின் விட்டம் 30 செ.மீ. என்றால் சுற்றளவு சுமார் 94 செ.மீ. நிமிடத்துக்கு 677 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 41 கிலோமீட்டர். பின்னால் 72 பல் போட்டால் விகிதம் 6 ஆகிறது. வேகம் மணிக்கு 34 கிலோமீட்டராகக் குறைகிறது. குறைந்ததை நஷ்டம் என்று நினைக்காதீர்கள். வேகத்தில் குறைந்தது இழுவையில் கூடுகிறது. சக்கரத்தைத் திருப்பும் விசை முன்னைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மேடு சுலபமாக ஏறும், கிளட்ச் வழுக்காது, டிரம் நீலமாகாது. ஆரம்பத்தில் பார்த்த நீல நிறத்துக்குப் பெரும்பாலும் மருந்து இங்கேதான் இருக்கிறது: புது கிளட்ச் மட்டும் போதாது, பின்னால் சில பற்கள் கூடுதலாக வேண்டும். வேகம் போதாது என்று கவர்னரைக் கழற்றிவிடுகிறவர்களும் உண்டு. அது மிகவும் ஆபத்து. அந்த வேகத்துக்காகச் செய்யப்படாத பாகங்கள் உடைந்து தெறிக்கும்.

எல்லா மினிபைக்கிலும் இந்த ஒற்றை விகிதம்தான் என்றில்லை. 1970-களின் தொடக்கத்தில் வந்த ரப் ரோட்ஸ்டரில், விரியும் கிளட்சுக்குப் பதிலாக இரண்டு கூம்புக் கப்பிகளும் நடுவில் ஒரு ரப்பர் பெல்ட்டும் இருந்தன. வேகம் கூடக்கூட முன் கப்பியின் இரண்டு தட்டுகளும் நெருங்கி பெல்ட்டை மேலே தள்ளும். பின் கப்பியின் தட்டுகள் விலகி பெல்ட்டை உள்ளே இறக்கும். விகிதம் கியர்போலத் தாவித் தாவி மாறாமல், தானாகவே தொடர்ச்சியாக மாறும். நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-இல் தன் காரில் இந்த முறையைக் கொண்டுவந்தது. உங்கள் அக்காவோ அம்மாவோ ஓட்டும் கியர் இல்லாத ஸ்கூட்டரின் இடப்பக்கப் பெட்டிக்குள்ளும் ஓடுவது இப்படி ஒரு பெல்ட்தான்.

புதுப் பாகங்களைப் பொருத்துவதில் மூன்று விஷயம் பார்க்கவேண்டும். முன் பல்சக்கரமும் பின் பல்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும்; நேரான இரும்புப் பட்டையைப் பக்கவாட்டில் வைத்துப் பார்ப்பார்கள். கோணலாக இருந்தால் பல்லின் ஒரு பக்கச் சுவர் பளபளவென்று தேய்ந்து காட்டிக்கொடுக்கும். அடுத்து, செயினைக் கம்பிபோல விறைப்பாக இழுத்துக் கட்டக்கூடாது. நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் ஆடவேண்டும்.

மூன்றாவது, செயினின் இரண்டு முனைகளையும் சேர்க்கும் லாக். இது எனக்கு மிகவும் பிடித்த பாகம். மீன் வடிவத்தில், சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய ஸ்பிரிங் தகடு. ஒரு முனை மூடி வட்டமாக இருக்கும், மறு முனை வாலைப்போலப் பிளந்திருக்கும். மாட்டும்போது மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்கவேண்டும். மீன் தலையை முன்னால் நீட்டி நீந்தவேண்டும். திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? ஓடும்போது குச்சியோ செயின் கவரோ பிளந்த வாலில் இடித்தால் லாக் பின்னோக்கித் தள்ளப்பட்டு ஆணியிலிருந்து கழன்றுவிடும். மூடிய தலையில் இடித்தாலோ, அந்த இடியே அதை இன்னும் இறுக்கமாக உட்கார வைக்கும். ஒரு கிராம்கூட இராத தகடு, அதன் திசையில் ஒரு குழந்தையின் பாதுகாப்பு இருக்கிறது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். ஓடும் செயினுக்குப் பக்கத்தில் விரலோ, துணியோ, துப்பட்டாவோ போகவே கூடாது. செயினில் வேலை செய்வதற்கு முன் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி ஒதுக்கிவைப்பது கட்டாயம். இல்லாவிட்டால் கிளட்ச்சைக் கழற்றி மாட்டும்போது என்ஜின் அச்சு சுழன்று, எதிர்பாராமல் என்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடக்கூடும். செயினுக்கும் கிளட்சுக்கும் மேலே மூடி மாட்டிய பிறகுதான் ஓட்டிப் பார்க்கவேண்டும். பழைய மினிபைக் பலவற்றில் இந்த மூடி தொலைந்திருக்கும். புதிதாகச் செய்தாவது மாட்டத்தான் வேண்டும். இந்த வேலை எதையும் நீங்கள் தனியாகச் செய்யாதீர்கள். பெரியவர்கள் கழற்றட்டும், நீங்கள் பார்த்து, அளந்து, கணக்குப் போடுங்கள்.

மினிபைக் உங்கள் பக்கத்தில் கிடைக்காது என்றாலும் கவலையில்லை. அடுத்த முறை வீட்டு பைக்குக்கு செயின் செட் மாற்றும்போது நீங்களும் கூடப் போங்கள். பழைய பல்சக்கரங்களை எடைக்குப் போடுவதற்கு முன் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கிரீஸைத் துடைத்துவிட்டு, புதிய பல்லின் பக்கத்தில் பழையதை வைத்து இரண்டையும் வரைந்து பாருங்கள். முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை பல், செயினில் என்ன எண் என்று எழுதுங்கள். செயினில் எத்தனை மூட்டு என்று எண்ணி, அதை முன் பல்லின் எண்ணிக்கை வகுக்கிறதா என்று பாருங்கள். ஒரே பல் எத்தனை மூட்டுகளைச் சந்திக்கிறது? விடையையும் படத்தையும் உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் காட்டுங்கள்.